சட்டை போட்ட ஹாரன்

பாவா,

என் தையல் மிஷின் டிராயரைத் திறந்தால் இப்போதெல்லாம் வாழைப்பழத் தோல் வாசனை வருகிறது. காய்ந்து கறுத்து, கொஞ்சம் பெட்ரோல் கலந்த மாதிரி ஒரு வாசனை. ஊசி எடுக்கத் திறந்தாலும் நீ, நூல் எடுக்கத் திறந்தாலும் நீ. உயிரோடு இருந்தபோது கடைக்குள் வந்து என் வேலையைக் கெடுத்தாய், சரி. போன பிறகும் இப்படியா?

நீ போய் ஒரு வருடம் ஆகப் போகிறது. இதுவரை உனக்கு ஒரு வரி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வண்டி சீட்டுக்கு அளவு குறிக்கிற பென்சிலைத் தவிர வேறு ஒன்றைப் பிடித்து எழுதியதில்லை. ஆனால் போன வாரம் உன் வண்டியின் சீட்டைக் கழற்றினேன். அன்றிலிருந்து உன்னிடம் ஒன்று கேட்டாக வேண்டும் என்று உள்ளே அரித்துக்கொண்டே இருக்கிறது. நேரில் மடக்கிக் கேட்க முடியாத இடத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டாய். அதனால் இந்தப் பென்சில்.

முதலில் நல்ல செய்தி. எஸ்தருக்கு உன் வேலையே கிடைத்திருக்கிறது. டிப்ளமோ படித்துவிட்டு உன் மகள் வேலை தேடி ரயிலில் சென்னைக்கும் இங்கேயுமாக அலைந்துகொண்டிருந்தாள் அல்லவா? உன் காண்டிராக்டரே கூப்பிட்டுக் கேட்டார். நகரி ரோட்டில், ஆந்திர எல்லைக்கு இந்தப் பக்கம், மாந்தோப்பு முடிகிற இடத்தில் மேலே ஏறும் கல் பாதை. அதன் உச்சியில் நீ பார்த்துக்கொண்ட அதே செல்போன் டவர். "மேல தனியா போயி வருமா பொண்ணு? வண்டி கீதா? அப்ப திங்கக்கெழம வரச் சொல்லு" என்றார்.

வண்டி இருக்கிறது. உன் வீட்டுச் சுவரோரம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நின்றது உன் ஒட்டகம். பாறையிலும் சேற்றிலும் ஓடுவதற்கென்றே செய்த வண்டி என்று நீ பெருமையாகச் சொன்னபோது, அதன் உயரத்தைப் பார்த்து நான் வைத்த பெயர் அது. வைத்த நாளிலிருந்து நம் தெருவில் யாரும் அதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எஸ்தர் உன் உயரம் இல்லை. ஏறி உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டவில்லை. சீட்டின் ஃபோமைச் செதுக்கி இறக்க வேண்டும். அது என் வேலை. இன்னொரு வேலை, அக்கா வைத்தது.

"அந்தப் பாதையில ஆடு மாடு குறுக்க வரும். ஒரு பக்கம் பாற, ஒரு பக்கம் பள்ளம். நகரி வரைக்கும் கேக்கறா மாதிரி ஹாரன் மாட்டுங்க. இல்லாங்காட்டி எம் பொண்ணு போவ வாணாம். அந்த வேலயே வாணாம்."

உன் பெண்டாட்டியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சின்னம்மா, இந்த வேலயும் போச்சுன்னா நான் மறுபடியும் ரயில்ல தொங்கிகினு போவணும். எப்டியாச்சும் அம்மாவ சரிக்கட்டு."

பக்கத்துக் கொட்டகை மெக்கானிக் மஸ்தான் பாய் லாரி மாதிரி அலறுகிற ஜோடி ஹாரன் ஒன்றை வாங்கிவந்து, வண்டியின் முன்னால் இருந்ததைக் கழற்றிவிட்டு மாட்டினார். தன் கொட்டகை பேட்டரியில் ஒயரைக் கொடுத்து ஒரு தரம் அடித்துப் பார்த்தார். டீக்கடையில் ஒருவர் கையில் இருந்த பன் கீழே விழுந்தது. அக்காவின் நிபந்தனை முடிந்தது என்று நினைத்து, நான் என் பங்குக்குச் சீட்டைக் கழற்றினேன்.

வாழைப்பழத் தோல் வாசனை.

இத்தனை காலமாகச் சீட்டு தைக்கிறேன். எந்த வண்டிக்கு அடியில் என்ன நாறும் என்று எனக்குத் தெரியும். பால்காரர் வண்டி புளித்திருக்கும். பூக்காரர் வண்டியில் சம்பங்கி அழுகியிருக்கும். டவர் வேலைக்குப் போகிற வண்டிக்கு அடியில் வாழைத் தோலுக்கு என்ன வேலை? குனிந்து பார்த்தேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு துணிப்பை, உள்ளே செருப்புத் தோல் மாதிரி காய்ந்த பழத் தோல்கள். அதற்கு அந்தப் பக்கம் ஓர் இரும்புப் பட்டையில், வாயைக் கீழே வைத்துக்கொண்டு தொங்கியது ஒரு பழைய ஹாரன். அது சட்டை போட்டிருந்தது.

மெரூன் நிற ரெக்ஸின் சட்டை. ஓரத்தில் இரட்டைத் தையல். என் தையலை நான் அடையாளம் காண மாட்டேனா?

"இன்னாக்கா இது, ஹாரனுக்கு கோட்டு?" என்றார் பாய்.

"நான் தெச்சது பாய். இத ஏரியில தூக்கிப் போட்டுட்டேன்னு சொன்னாரே பாவா!"

உனக்கு எல்லாம் நினைவிருக்கும். என்றாலும் நான் சொல்கிறேன், நீ கேள். நடுவில் பேசாதே.

சென்னைப் பையன் ஒருவன் ஓட்டிச் சலித்துப்போய் விற்ற அந்த வண்டியை நீ கொண்டுவந்து என் கடை முன்னால் நிறுத்தினாய். ஹாரன் அப்போது முன்னால், விளக்குக்குக் கீழே இருந்தது. முதல் வாரமே பாறையில் இறங்கும்போது முன் சக்கரம் எகிறி, மட்கார்டு போய் ஹாரனை இடித்தது. அதற்கப்புறம் ஹாரன் அடித்தால் விக்கல் எடுத்தது.

"எடுத்துடலாம் நைனா. மேல காட்டுல எவன் ஒனக்கு வழி வுடணும்?" என்றார் பாய்.

"வாயில்லாத வண்டிய நான் ஓட்ட மாட்டேன்" என்றாய் நீ.

"ஆங், ஓட்டறவருக்குத்தான் வாய் ரொம்ப சின்னது, பாவம்" என்றேன் நான்.

அங்கிருந்து தொடங்கியது அந்த ஹாரனின் வீடு மாற்றம். எஞ்சினுக்குப் பக்கத்தில் வைத்தாய். சூடு ஏறி, காலையில் ஒரு குரல், மத்தியானம் ஒரு குரல் என்று ஆனது. பெட்ரோல் டேங்குக்கு அடியில் வாயை மேலே பார்க்க வைத்தாய். மழைத் தண்ணீர் தங்கி, வாய் கொப்பளிக்கிற சத்தம் வந்தது. கடைசியில் சீட்டுக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாய். அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்கா வெள்ளைச் சேலை கட்டி, பைபிளை மடியில் வைத்துக்கொண்டு, பின்னால் உட்கார்ந்து சர்ச்சுக்கு வந்தாள். மார்க்கெட் முனையில் நீ ஹாரனை அழுத்தினாய். எதிரே நின்ற மாடு அசையவில்லை. அக்காதான் "ஐயோ சேசுவே" என்று ஓர் அடி எகிறினாள்.

"பாவா, ஒன் ஹாரன் ரோட்டுல போறவனுக்கு இல்ல, சீட்டுல ஒக்காந்தவங்களுக்கு அடிக்குது" என்று நான் தெரு முழுக்கச் சொல்லிவைத்தேன். நாம் இப்படித்தானே. அத்தை மகனாக இருந்தபோதே உன்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். அக்காவைக் கட்டிய பிறகு 'நீங்க' என்று சொல்லச் சொன்னார்கள். வாயில் வரவில்லை. கேலி மட்டும் வந்தது. உனக்கும் அப்படியே. நம் இருவருக்குள் ஒரு சட்டமும் இருந்தது. பந்தயம் வைத்துத் தோற்றால், கடைவரிசைக்கே டீ வாங்கிக் கொடுத்து, எல்லோர் காதிலும் விழ "தோத்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். டீ பெரிதில்லை. அந்த ஒரு வார்த்தைதான் நம் இருவர் தொண்டையிலும் முள் மாதிரி நிற்கும்.

சீட்டுக்கு அடியில் இருந்த ஹாரனுக்குப் பின் சக்கரம் சேற்றை அள்ளி அடித்தது. நீ அதை வாரத்துக்கு ஒரு முறை கழற்றிப் பல் விளக்குகிற மாதிரி விளக்கிக்கொண்டிருந்தாய். பார்க்கப் பொறுக்காமல், ஓர் ஆட்டோ சீட்டில் மிஞ்சிய ரெக்ஸினை வெட்டி, ஹாரன் வாயையும் சேர்த்து மூடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்துக் கொடுத்தேன். "மாட்டிப் பாரு பாவா. சேறும் போவாது, ஒண்ணும் போவாது. இதுக்கு மேல ஒரு வழி நீ கண்டுபுடிச்சா நான் தோத்தேன்" என்று பந்தயமும் வைத்தேன்.

என் கடை வாசலில் நின்று, எல்லோரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அழுத்தினாய்.

"ம்மே...ஏ...ஏ."

சளி பிடித்த ஆட்டுக்குட்டி மாதிரி ஒரு சத்தம். எதிரே கறிக்கடைக் கம்பத்தில் கட்டியிருந்த ஆடு தலையைத் தூக்கிப் பதில் சொன்னது. டீ மாஸ்டர் கையில் இருந்த டம்ளரை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தார். நீ வண்டியின் மேல் கவிழ்ந்து படுத்துச் சிரித்தாய். "என் மச்சினி வண்டிக்கு சட்ட தெக்கச் சொன்னா ஆட்டையே பெத்து குட்த்துட்டா!"

இரண்டு நாள் கழித்து வண்டியின் முன்னால், விளக்குக்குப் பின்புறம் உயரத்தில், மட்கார்டு எட்டாத இடத்தில் புது ஹாரன் இருந்தது. கணீரென்று அடித்தது. பாறையில் குதித்தாலும் இடிக்கவில்லை. "பழசு?" என்று கேட்டேன். "சட்டையோட சேத்து ஏரியில போட்டாச்சு. மீனுங்க மாட்டிகினு திரியுது" என்றாய். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கடைவரிசை முழுக்கக் காது கொடுத்து நிற்க, "தோத்துட்டேன் பாவா" என்று சொன்னேன். நீ இன்னொரு தரம் சொல்லச் சொன்னாய். சொன்னேன்.

இப்போது அந்தச் சட்டை என் கையில் இருந்தது.

அது மட்டுமில்லை. நான் தைத்த இடம் ஒரு பக்கம் விட்டுப்போய், யாரோ மெல்லிய ஒயரால் கோணல் மாணலாகப் பிணைத்திருந்தார்கள். யாரோ என்ன யாரோ, உன் கைதான். ஹாரனிலிருந்து போன ஒயரைப் பாய் விரலால் தடவிக்கொண்டே போனார். அது டேங்குக்கு அடியில், வலது முழங்கால் மறைக்கிற இடத்தில், வீட்டு வாசலில் காலிங் பெல்லுக்கு வைப்பார்களே அந்தப் பொத்தானில் போய் முடிந்தது. அதைச் சுற்றிக் கறுப்பு டேப். தேடினால்தான் தெரியும்.

அப்போதுதான் எனக்கு உன் கிழிந்த சீட்டு ஞாபகம் வந்தது. ஊர் வண்டிக்கெல்லாம் சீட்டு தைக்கிறவளின் பாவா, கிழிந்த சீட்டில் பிளாஸ்திரி மாதிரி டேப் ஒட்டிக்கொண்டு போவான். எத்தனை முறை கேட்டேன், கழற்றித் தைத்துத் தருகிறேன் என்று. "கிழியட்டும், காத்து வரும்" என்பாய். என் தொழிலைக் கேவலப்படுத்துகிறாய் என்று நினைத்து ஒரு பொங்கலுக்கு உன்னோடு பேசாமலே இருந்தேன். வண்டியின் ஒயர் வேலைகளையும் நீயே செய்துகொண்டாய், பாயைக் கிட்டே விடவில்லை. டவர்க்காரன் திமிர் என்று அவரும் நினைத்திருக்கிறார். சீட்டைத் திறக்க விடாததற்குக் காரணம் அடியில் சட்டை போட்டுக்கொண்டு தொங்கியிருக்கிறது.

ஆனால் ஏன்?

அன்று முழுக்கக் கடையில் வேறு பேச்சே இல்லை. "கொரங்குக்கு அப்பா பழத்தோல் போட்டிருப்பாரு" என்றாள் எஸ்தர். குரங்குக்குத் தோலைக் கொடுத்தால் அது பழம் எங்கே என்று சட்டையைப் பிடிக்காதா? "சிறுத்த கிறுத்த வந்தா ஆடு மாதிரி கத்தி ஏமாத்தறதுக்கு" என்றார் டீ மாஸ்டர். சிறுத்தை முன்னால் ஆடு மாதிரி கத்துகிற அளவுக்கு என் பாவா முட்டாள் இல்லை என்று நான் சண்டைக்குப் போனேன். உனக்காக நான் பரிந்து பேசியதை நீ கேட்டிருக்க வேண்டும்.

பாய்தான் கடைசியில் கத்திரியை எடுத்தார். "எதுக்கு இந்த வம்பு? பழைய ஒயரு. எங்கனா உரசி ஷாட் ஆச்சுன்னா மேல பாதியில வண்டி நின்னுடும். வெட்டி எறிஞ்சிடறேன்."

எஸ்தரும் சரி என்றாள். அவளுக்குத் திங்கட்கிழமை போக வேண்டும், அவ்வளவுதான். கத்திரி ஒயருக்குக் கிட்டே போனது. எனக்கு என்ன தோன்றியதோ, "கொஞ்சம் இரு பாய். இன்னாத்துக்குன்னு தெரியாம அதத் தொடாத. மொதல்ல நான் மேல போயி பாத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

புது பேட்டரி போட்டோம். சனிக்கிழமை காலையில் எஸ்தர் ஓட்ட, உன் மச்சினி பின்னால் உட்கார்ந்து ஒட்டகச் சவாரி. நாற்காலி போட்டு ஏறினேன். சிரிக்காதே. தோப்பு வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. கல் பாதை தொடங்கியதும் என் எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊர் சுற்றிவிட்டு வந்தது. "சின்னம்மா, கழுத்த நெறிக்காத, மூச்சு முட்டுது" என்று எஸ்தர் கத்திக்கொண்டே ஓட்டினாள். நன்றாக ஓட்டுகிறாள் பாவா. உன்னை மாதிரி வீம்புக்கு முறுக்குவதில்லை.

பாதி மலையில் அந்த வளைவு உனக்குத் தெரியும். வலது பக்கம் செங்குத்தாகப் பாறை, இடது பக்கம் பள்ளம், நடுவில் ஒரு கட்டில் அகலத்துக்குப் பாதை. வளைவைத் திரும்பினால் பாதை முழுக்க ஆடுகள், எங்களுக்கு முதுகைக் காட்டி மேலே போய்க்கொண்டிருந்தன. எஸ்தர் அம்மாவின் ஹாரனை அழுத்தினாள்.

அது பாறையில் மோதி, இரண்டு லாரி வந்த மாதிரி அலறியது. ஆடுகள் ஒரே நேரத்தில் துள்ளின. பாறைப் பக்கம் ஏறி ஓட வழியில்லாததால் பாதி எங்கள் மேல் பாய்ந்தன, பாதி பள்ளத்தின் ஓரத்துக்குச் சிதறின. ஒன்று முன் சக்கரத்தில் வந்து முட்டியது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. நான் செதுக்கிய சீட்டு அன்று உதவியது பாவா. எஸ்தரின் கால் தரைக்கு எட்டியது. ஊன்றிக்கொண்டாள். கீழே பார்த்தேன். ஊன்றிய காலுக்கு அப்பால் மண் இல்லை, மரத்தின் உச்சிதான் தெரிந்தது. ஒரு குட்டி ஓரத்துச் செடியில் பின்னங்கால் சிக்கித் தொங்கிக்கொண்டு கத்தியது.

"ஆகு! ஆகு! நிறுத்து!" என்று தெலுங்கிலும் தமிழிலுமாகக் கத்திக்கொண்டு மேலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். என் வயதுதான் இருக்கும். குட்டியைக் காதைப் பிடித்துத் தூக்கிப் பாதையில் விட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "கொல்றதுக்கே வந்தீங்களா? யாரும்மா ஒனக்கு இந்த வண்டி குட்த்தது?" என்று தொடங்கியவள், வண்டியைப் பார்த்து நிறுத்தினாள். எஸ்தர் முகத்தைப் பார்த்தாள். "நைனா வண்டியில்ல இது? நீ நைனா பொண்ணா?"

அவள் பெயர் மங்கம்மா. உனக்குத் தெரியும். எங்களுக்குத்தான் தெரியாது.

"அவரு இப்டியா அடிப்பாரு?" என்றாள். "அந்த ஆட்டு ஹாரன் எங்க?"

எஸ்தர் முழங்காலுக்கு அடியில் கையை விட்டுப் பொத்தானைத் தேடி அழுத்தினாள்.

"ம்மே...ஏ...ஏ."

சிதறி நின்ற ஆடுகளெல்லாம் தலையைத் தூக்கின. ஒன்று திரும்பியது. அப்புறம் ஒவ்வொன்றாகப் பள்ளத்தை விட்டு வந்து, பாறையை ஒட்டி வரிசையாக நின்று, எங்கள் கையைப் பார்த்தன. ரேஷன் கடையில் கூட நம் ஆட்கள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவை எதை எதிர்பார்க்கின்றன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையில் இருந்த காய்ந்த தோலை எடுத்துப் பாறையோரம் போட்டேன். அந்தக் கறுத்த தோலுக்கும் சண்டை.

மங்கம்மா சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டு நின்றேன். நீ புது ஹாரன் மாட்டிய மறுநாளே, இதே வளைவில், அந்தக் கணீர்ச் சத்தத்துக்கு மிரண்டு ஒரு குட்டி பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்திருக்கிறது. நீ இறங்கிப் போய் அதைத் தூக்கி, டேங்க் மேல் வைத்துக் கட்டிக்கொண்டு, திருத்தணி மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறாய். அதற்கு அடுத்த நாளிலிருந்து மலையில் நீ அந்த ஹாரனைத் தொட்டதே இல்லை. ஆட்டுக் குரல்தான். முதலில் தாய் ஆடுகள் எந்தக் குட்டி கத்துகிறது என்று திரும்பிப் பார்த்து நின்றனவாம். நின்றவற்றைப் பாறைப் பக்கம் இழுக்க, மலைக்கோயில் அடிவாரத்துப் பழக்கடைகளில் கொட்டுகிற தோலைப் பையில் அள்ளிவந்து போட்டிருக்கிறாய். கொஞ்ச நாளில் சத்தம் கேட்டாலே பாறையோரம் ஒதுங்கின. நீ நடுவில் ராஜா மாதிரி போனாய்.

"நானும் கேட்டேன், எந்தக் கடயில வாங்கினீங்க நைனா இந்த ஹாரன்னு" என்றாள் மங்கம்மா. "கடயில கெடைக்காது, என் மச்சினி தெச்ச சட்ட அதுன்னாரு. அவ மூளக்காரின்னாரு. எங்க ஊருப் பக்கம் வந்தா மட்டும் சொல்லிடாத, மானம் பூடும்னு கையெடுத்துக் கும்பிட்டாரு."

பாவா, நம் பந்தயத்தில் ஜெயித்தது என் சட்டைதான் என்று அந்த மலையில் இருக்கிற ஆடுகளுக்கெல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்த பிறகு எஸ்தர் தன் துப்பட்டாவைக் கொடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள். மங்கம்மாவுக்கு நீ போன செய்தியை எஸ்தர்தான் சொன்னாள்.  அவள் அருகில் நின்ற ஒரு கிடாவைக் காட்டினாள். பின்னங்கால் ஒன்று லேசாகக் கோணியிருந்தது. "இதான் அந்தக் குட்டி. வித்துடலாம்னு எங்க வூட்டுக்காரு எத்தினியோ தபா சொன்னாரு. நைனா வந்து கேட்டா இன்னா சொல்றதுன்னு வெச்சிருக்கேன்."

இறங்கிவந்து அக்காவிடம் ஒன்று விடாமல் சொன்னோம். எஸ்தர் சாய்ந்த இடத்தில் மட்டும் பாதையைக் கொஞ்சம் அகலப்படுத்திச் சொன்னேன். அக்காவுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

"அவரு சட்டையெல்லாம் பழ வாசன வரும்டி. சக்கரைய வெச்சுகினு திருட்டுத்தனமா வாழப்பழம் துன்னுட்டு வர்றாருன்னு தெனம் சண்ட போடுவேன். ஒரு நாளாச்சும் வாயத் தொறந்து சொன்னாரா பாரு."

பிறகு எழுந்து வண்டிக்குக் கிட்டே போய், அந்தப் பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்தாள். ஆடு கத்தியது. அவள் முகத்தில் ஒரு வருடமாகக் காணாமல் போயிருந்த ஒன்று வந்துவிட்டுப் போனது. "ரெண்டும் இருக்கட்டும். ஊருக்குள்ள அது, மலையில இது. பழத்தோலு நான் சேத்து வெக்கிறேன்" என்றாள். எஸ்தர் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள்.

இப்போது என் கேள்விக்கு வருகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்க்க வந்த அன்று, மூக்கில் குழாயோடு படுத்திருந்தவன், "மச்சினி, வண்டி சீட்டு ரொம்ப கிழிஞ்சிடுச்சு. மாத்திடு. வேற யார் கிட்டயும் குடுக்காத, நீயே கழட்டு" என்றாய். இத்தனை வருடம் தொட விடாதவன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எழுந்து வா பாவா, ஒன்னையும் சேத்து தெச்சு வுடறேன்" என்றேன். நீ சிரித்தாய். இருமல் வந்துவிட்டது. நர்ஸ் என்னை வெளியே போகச் சொன்னாள்.

அது என்ன பேச்சு பாவா? நிஜமாகவே சீட்டைப் பற்றித்தானா? இல்லை, நம் சட்டப்படி சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தையைத்தான் சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு, போய் எடுத்துக்கொள் என்றாயா? மாற்றி மாற்றி யோசிக்கிறேன். ஒரு நாள் அப்படித் தோன்றுகிறது, ஒரு நாள் இப்படித் தோன்றுகிறது. உன்னைத் தெரிந்தவரைக்கும் இரண்டுமே உன்னால் ஆகக்கூடியதுதான்.

பழைய சட்டை நைந்துபோயிருந்தது. ஹாரனுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டேன். எஸ்தர் கேட்ட நிறம், கிளிப் பச்சை. சத்தம் மாறிவிட்டால் ஆடு மதிக்காதே என்று பயம். கறிக்கடை ஆட்டை வைத்துச் சோதித்தேன். பதில் சொன்னது. பழையதை டிராயரில் போட்டிருக்கிறேன், நீ ஒயர் போட்டுப் பிணைத்த அந்தக் கோணல் தையலோடு. உன் தையலைப் பார்த்தால் எனக்குத் தொழில்முறையில் வயிறு எரிகிறது. ஆனாலும் பிரிக்கவில்லை.

எஸ்தர் சேர்ந்த முதல் நாள், சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் நேராக டீக்கடைக்குப் போய் வரிசைக்கே டீ சொன்னாள். எல்லோரும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் உன்னை மாதிரியே தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அப்பா சார்பா நான் சொல்லிடறேன் சின்னம்மா. தோத்து..." என்று தொடங்கினாள்.

நான் அவள் வாயைப் பொத்திவிட்டேன்.

"நீ சொல்லாத. அது அவரு வாயால சொல்ல வேண்டியது."

டீ குடித்தோம். அவ்வளவுதான். இந்த ஒரு கணக்கை மட்டும் யாருக்காகவும் நான் முடிக்கப் போவதில்லை.

தினமும் காலையில் கடையைத் தாண்டிப் போகும்போது எஸ்தர் வேண்டுமென்றே அந்தப் பொத்தானை ஒரு தரம் அழுத்துகிறாள். கறிக்கடையில் ஆடு இருந்தால் அது பதில் சொல்கிறது. டீ மாஸ்டர் சிரிக்கிறார். நான் மிஷினை நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்து, எல்லோர் காதிலும் விழும்படி ஒரு தரம் கேட்டுவிட்டுத்தான் மறுபடி மிதிக்கிறேன்:

"இன்னா பாவா, தோத்துட்டியா?"